வேலிக்கு வெளியே நிற்கும் ஐந்தாம் அரண்: புயலும் அணுஉலையும் சேரியும்

வங்கக் கடலில் புயல் உருவாகும் ஒவ்வொரு முறையும் கல்பாக்கம் குறித்து ஒரே கேள்வி எழுகிறது: உலை தாங்குமா? உலை பாதுகாப்பாகவே உள்ளது என்ற ஒரே விடையும் வருகிறது. கேள்வி நியாயமானது, விடையும் பெரும்பாலும் உண்மையானது. ஆயினும் இவை இரண்டும் நிலையத்தின் சுற்றுவேலியோடு நின்றுவிடுகின்றன. வேலிக்கு உள்ளே, எது பழுதுபட்டாலும் அதற்கு ஒரு மாற்று இருக்க வேண்டும் என்னும் விதியின்மீது பாதுகாப்பு கட்டப்பட்டுள்ளது. வேலிக்கு வெளியே வாழும் மக்களுக்கான அவசரகாலத் திட்டமோ, சாலையும் தொலைபேசியும் கூரையும் புயலிலும் அப்படியே இருக்கும் என்னும் நம்பிக்கையின்மீது நிற்கிறது. அந்தச் சாலையும் கூரையும் சாதிவாரியாகப் பங்கிடப்பட்ட நாட்டில் இந்த நம்பிக்கைக்கு யார் விலை கொடுப்பார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் பொருள்.

புயல் உலையை எவ்வாறு தாக்குகிறது?

அணுஉலைக் கட்டடத்தைக் காற்று சாய்த்துவிடும் என்பது உண்மையான அச்சம் அன்று. தடித்த கான்கிரீட் சுவர்கள் கடும் காற்றைத் தாங்கும். ஆபத்து வேறிடத்தில் உள்ளது. அனல்மின் நிலையத்தில் எரிபொருளை நிறுத்தினால் நெருப்பு அணைந்துவிடும். அணுஉலையில் தொடர்வினையை நிறுத்திய பின்னும், பிளவுற்ற அணுக்களின் சிதைவால் வெப்பம் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும்.

கல்பாக்கத்தில் உள்ளதைப் போன்ற 220 மெகாவாட் மின்திறன் கொண்ட உலை, ஏறத்தாழ 800 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்தப்பட்ட கணத்தில் அதில் 6 முதல் 7 சதவீதம், அதாவது 50 மெகாவாட் அளவிலான வெப்பம் எஞ்சி நிற்கும். ஒரு நாள் கழிந்த பின்னும் ஏறத்தாழ அரை சதவீதம், 4 மெகாவாட், வந்துகொண்டிருக்கும். ஒரு கிலோவாட் மின்அடுப்புகள் நான்காயிரத்தை அணைக்க வழியின்றி எரியவிட்டதற்கு இது ஒப்பாகும். இவ்வெப்பத்தை இடைவிடாது அகற்ற நீர் வேண்டும். நீரைச் செலுத்த மின்சாரம் வேண்டும். இரண்டும் நீண்ட நேரம் கிடைக்காவிட்டால் எரிபொருள் உருகும்.

புயல் இந்த இரண்டையும் ஒருசேரத் தாக்குகிறது. உயரழுத்த மின்பாதைகள் அறுந்து, வெளியிலிருந்து நிலையத்துக்கு வரும் மின்சாரம் நின்றுபோகிறது. கடல் மேலெழுந்து கரைக்குள் புகுந்து, தாழ்வான அறைகளில் உள்ள பம்புகளையும் மின்பலகைகளையும் மூழ்கடிக்கலாம். அடித்துவரப்படும் குப்பையும் மணலும் கடல்நீர் உள்வாங்கும் வாயை அடைக்கலாம். சாலைகள் துண்டிக்கப்பட்டால் மாற்றுப் பணியாளரும் டீசலும் வந்துசேர இயலாது. தனித்தனியே சமாளிக்கத்தக்க இப்பழுதுகள், புயலில் ஒரே இரவில் ஒன்றாக வருகின்றன.

முன்நடந்த நிகழ்வுகள்

1992 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆண்ட்ரூ சூறாவளியின் மையம் டர்க்கி பாயின்ட் அணுமின் நிலையத்தின் மேலேயே கடந்தது. எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்ததால் உலைகளை நிறுத்தும் பணி சூறாவளிக்கு முன்பே தொடங்கியிருந்தது. அப்படியும் வெளி மின்சாரம் ஐந்து நாள்களுக்கு மேல் இல்லாமல் போனது. உயர்நிலைத் தொட்டி ஒன்று சரிந்து தீயணைப்பு நீர்க் குழாய்களைச் சேதப்படுத்தியது. வெளியுலகோடு இருந்த தொலைத்தொடர்பு முழுவதும் பல மணி நேரம் அறுந்தது. சாலையை இடிபாடுகள் அடைத்தன. டீசல் மின்னாக்கிகள் தொடர்ந்து ஓடியதால் உலைகள் காக்கப்பட்டன. கதிரியக்கக் கசிவு நிகழவில்லை. அதே சூறாவளியில், அருகிலுள்ள ஹோம்ஸ்டெட் வட்டாரத்தில் புலம்பெயர்ந்த பண்ணைத் தொழிலாளர்கள் வாழ்ந்த முகாம்கள் தரைமட்டமாயின.

1999 டிசம்பர் 27 இரவில், பிரான்சு நாட்டின் ஜிரோந்து கழிமுகத்தில் அமைந்த பிளாயே நிலையத்தில் புயல்காற்றும் கடலேற்றமும் ஒன்றுசேர்ந்து நீரை அணைகரைக்கு மேலே தள்ளின. நிலத்தடி வழிகளில் புகுந்த வெள்ளம், பாதுகாப்புக்குரிய பம்புகளில் சிலவற்றைச் செயலிழக்கச் செய்தது. இரண்டு உலைகளுக்கு வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அணுகுசாலைகள் மூழ்கியதால் உதவிக்கு அழைக்கப்பட்டோர் உரிய நேரத்தில் வர இயலவில்லை. அணைகரையை உயர்த்தும் திட்டம் முன்பே இருந்தது, செயற்படுத்துவதுதான் தள்ளிப்போடப்பட்டிருந்தது.

இந்தியாவிலும் இத்தகைய நிகழ்வுகள் உண்டு. 1994 ஜூன் மாதம் தெற்குக் குஜராத்தில் பெய்த பெருமழையின்போது, ஆதிவாசி மக்கள் மிகுதியாக வாழும் பகுதியில் அமைந்த காக்ராபார் அணுமின் நிலையத்தின் விசையாழிக் கட்டடத்துக்குள் வெள்ளம் புகுந்தது. இதுபற்றிச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதிய ஊழியர் ஒருவர் வேலை இழந்தார். 2013இல் உச்சநீதிமன்றமும் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளிக்கவில்லை. வெள்ளம் குறித்து வெளியே பேசுவதும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்னும் எண்ணம் நம் நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

புயலோடு தொடர்பில்லாத நரோரா விபத்தும் இங்கு நினைக்கத்தக்கது. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் ஏற்பட்ட தீயால், ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையம் முழு மின்னிழப்பில் இருந்தது. டீசலில் இயங்கும் தீயணைப்பு பம்புகளின் உதவியால் நீராவியாக்கிகளுக்கு நீர் செலுத்தப்பட்டு உலை காக்கப்பட்டது. கல்பாக்கத்திலும் நரோராவிலும் உள்ளவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கனநீர் உலைகள். மின்சாரம் முற்றிலும் இல்லாத இரவு என்பது இந்திய உலைக்கு வெறும் கற்பனை அன்று.

2004 டிசம்பர் 26: ஒரே நாளின் இரு காட்சிகள்

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாம் உலை 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. கடலுக்கடியில் செல்லும் சுரங்கவழியாகக் குளிர்விப்பு நீர் எடுக்கப்படுகிறது. ஆழிப்பேரலை தாக்கிய காலையில் இரண்டாம் உலை மட்டுமே இயங்கிக்கொண்டிருந்தது. சுரங்கவழியாகப் பம்பு நிலையத்துக்குள் நீர் ஏறியது. குளிர்விப்புப் பம்புகள் நின்றன. இயக்குநர்கள் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். கட்டுமானத்தில் இருந்த அதிவேக ஈனுலையின் அடித்தளக் குழி நீரில் மூழ்கியது. சில நாள்களில் இரண்டாம் உலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

அதே காலையில் வேலிக்கு வெளியே, அணுசக்தித் துறையின் நகரியத்திலும் சுற்றியிருந்த மீனவர் குப்பங்களிலும் மக்கள் மாண்டனர். உலை காக்கப்பட்டது உண்மை. அதைச் சுற்றியிருந்த வீடுகள் காக்கப்படவில்லை என்பதும் உண்மை. ஆழிப்பேரலை வேறு, புயல் வேறு. எனினும் கடல் கரைக்குள் ஏறும்போது எது முதலில் மூழ்குகிறது என்பதை அந்நாள் காட்டியது.

வடதமிழகக் கரையில் புயல் அரிய நிகழ்ச்சி அன்று. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னை அருகே கடந்தது. 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரி அருகே கடந்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ், கல்பாக்கத்துக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ள மாமல்லபுரத்தின் அருகே கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. இவற்றுள் எதுவும் கல்பாக்கத்தில் பேரிடரை உண்டாக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மின்கம்பங்கள் சாய்ந்தன, சாலைகளில் மரங்கள் விழுந்தன, குடிசைகளின் கூரைகள் பறந்தன. இவற்றை நம்பித்தான் அணுவிபத்துக்கான மக்கள் பாதுகாப்புத் திட்டம் எழுதப்பட்டுள்ளது.

ஐந்து அரண்கள்

அணுஉலைப் பாதுகாப்பை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் ஐந்து அரண்களாகப் பன்னாட்டு அணுசக்தி முகமை வகுத்துள்ளது. பழுது நேராமல் தடுத்தல் முதலாவது. நேர்ந்த பழுதைக் கண்டறிந்து கட்டுப்படுத்தல் இரண்டாவது. விபத்தைப் பாதுகாப்பு அமைப்புகளால் அடக்குதல் மூன்றாவது. கடும் விபத்தின் விளைவைக் குறைத்தல் நான்காவது. இவை நான்கும் தோற்றால், கதிரியக்கத்திலிருந்து வெளியே உள்ள மக்களைக் காத்தல் ஐந்தாவது.

முதல் நான்கு அரண்களும் நிலையத்துக்குள் உள்ளன. அங்கே ஒரு பம்பு நின்றால் இன்னொன்று உண்டு. மின்பாதை அறுந்தால் டீசல் மின்னாக்கி உண்டு. அதுவும் நின்றால் மின்கலம் உண்டு. 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின், இந்திய நிலையங்களில் வெளியிலிருந்து நீர் செலுத்துவதற்கான இணைப்புகளும் கூடுதல் மின்னாக்கிகளும் பரிந்துரைக்கப்பட்டன. அவை வரவேற்கத்தக்கவை.

ஐந்தாம் அரண் நம் ஊர்களில் நிற்கிறது. நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. வரையிலான பகுதி அவசரகாலத் திட்டப் பகுதியாக வகுக்கப்பட்டுள்ளது. அங்கே பொறுப்பு நிலைய இயக்குநரிடம் இல்லை; மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது. வருவாய்த் துறை, காவல்துறை, சுகாதாரத் துறை, ஊராட்சி ஆகியவையே அந்த அரணின் கற்கள்.

இந்தக் கற்கள் எவ்வளவு உறுதியானவை? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் செயற்பாடு குறித்து 2012இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதைத் தெளிவாகச் சுட்டியது. நிலையத்துக்கு வெளியே நடத்தப்பட்ட ஒத்திகைகள், ஆயத்தநிலை போதாமையை வெளிப்படுத்தின என்றது. தான் பரிந்துரைக்கும் திருத்தங்களை நிறைவேற்றச் செய்யும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை என்றும் அவ்வறிக்கை பதிவுசெய்தது. குறை கண்டுபிடிப்போரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளோர்மீது அணுசக்தித் துறைக்குரிய கண்காணிப்பு இல்லை.

வீட்டுக்குள் இருங்கள் என்றால், எந்த வீட்டுக்குள்?

கதிரியக்கக் கசிவின்போது மக்களுக்கு விடுக்கப்படும் முதல் அறிவுரை, வீட்டுக்குள் சென்று கதவு சன்னல்களை அடைத்துக்கொள்ளுங்கள் என்பதே. தடித்த சுவரும் கான்கிரீட் கூரையும் கதிர்வீச்சைக் கணிசமாகக் குறைக்கும் என்பது அறிவியல் உண்மை. ஓலைக் குடிசையும் தகரக் கொட்டகையும் அவ்வாறு குறைப்பதில்லை. புயலில் கூரையே பறந்துவிட்ட குடும்பத்துக்கு அந்த அறிவுரை பொருளற்றது. பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டி இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களுக்கும், உட்பகுதியில் விவசாயக் கூலிகளாக வாழும் தலித் குடும்பங்களுக்கும் கான்கிரீட் கூரை உறுதியான ஒன்று அன்று. பழைய தொகுப்பு வீடுகள் பல இடங்களில் ஒழுகியும் விரிசலுற்றும் நிற்கின்றன.

புயலுக்கான அறிவுரையும் அணுவிபத்துக்கான அறிவுரையும் ஒன்றோடொன்று மோதுவதையும் கருத வேண்டும். புயல் வருகிறது என்றால் குடிசையை விட்டு முகாமுக்குச் செல்லுங்கள் என்கிறோம். கசிவு என்றால் இருக்கும் இடத்திலேயே உள்ளே இருங்கள் என்கிறோம். இரண்டும் ஒன்றாக வந்தால் முகாமே வீடாகிறது. அந்த முகாமின் சன்னல்கள் அடையுமா, குடிநீர் உள்ளேயே உள்ளதா, கழிப்பறைக்கு வெளியே போக வேண்டுமா, எல்லாருக்கும் இடம் உண்டா என்பனவெல்லாம் அப்போது அணுப் பாதுகாப்புக் கேள்விகளாகிவிடுகின்றன.

இரண்டாவது நடவடிக்கை அயோடின் மாத்திரை. கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் சேராமல் தடுக்க, கசிவுக்குச் சற்று முன்போ சில மணி நேரத்துக்குள்ளோ இதை உட்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு இது மிக இன்றியமையாதது. சாலை அடைபட்ட இரவில், சேரியின் கடைசி வீட்டுக்கு அதைக் கொண்டுசேர்ப்பவர் யார்? மாத்திரை முன்கூட்டியே ஊருக்குள் இருக்க வேண்டும். ஊருக்குள் என்றால், சாதி இந்துக்கள் வாழும் தெருவில் உள்ள ஒரே கிடங்கில் என்று பொருள் ஆகிவிடக்கூடாது.

மூன்றாவது வெளியேற்றம். கல்பாக்கத்தின் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே பாலாற்று முகத்துவாரம். கிழக்குக் கடற்கரைச் சாலையும் சில பாலங்களும் வெளியேறும் வழிகள். சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், வாயலூர் முதலிய ஊர்களின் மக்கள் இதே வழிகளைத்தான் நம்ப வேண்டும். சொந்த வாகனம் உள்ளவர் முதலில் போவார். பேருந்தை எதிர்பார்ப்பவர் காத்திருப்பார். பேருந்து ஊரின் முதன்மைச் சாலையில் நிற்கும். சேரி அங்கிருந்து தள்ளியே இருக்கும்.

திட்டமில்லாத வெளியேற்றம் கதிர்வீச்சைவிட விரைவில் கொல்லும் என்பதை ஃபுகுஷிமா கற்பித்தது. நிலையத்துக்கு அருகே இருந்த ஃபுதாபா மருத்துவமனையிலிருந்தும் அதனோடு இணைந்த முதியோர் இல்லத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டோரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பேருந்துகளில் நீண்ட நேரம் அலைந்ததும் மருத்துவக் கவனிப்பு இல்லாமையும் அவர்களின் உயிரைப் பறித்தன. யாருடைய குரல் கட்டுப்பாட்டறைக்கு எட்டவில்லையோ அவர்களே முதலில் மாண்டனர்.

பேரிடரில் சாதி கலைவதில்லை

பேரிடர் எல்லோரையும் சமமாக்கும் என்பது நம் அனுபவத்துக்கு முரணானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலித் மக்கள் தனி முகாம்களுக்கு ஒதுக்கப்பட்டனர். பொதுத் தொட்டியில் நீரெடுக்கவும் தடுக்கப்பட்டனர். இவற்றை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன. படகையும் வலையையும் இழந்தோர் பட்டியலில் இடம்பெற்றனர். உப்பேறிய வயலில் கூலி இழந்தோர் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றனர்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. அப்போதும் விழுந்த தென்னைகள் எண்ணப்பட்டன. அந்தத் தோப்பில் கூலிக்கு ஏறியவரின் இழந்த வேலைநாள்களை எண்ணுவதற்கு அதுபோன்ற கணக்கு இல்லை. 2019இல் ஃபானி புயலின்போது, ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் தலித் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு மையத்தில் இடம் மறுக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. புயலில் திறக்காத கதவு, புயலோடு கதிரியக்கமும் சேர்ந்த இரவில் தானாகத் திறந்துவிடும் என நம்புவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

கதிரியக்கத்துக்குப் பின்வரும் இழப்பும் இவ்வாறே பங்கிடப்படும். பால், கீரை, மீன் ஆகியவற்றின் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டால், நில உரிமையாளரிடமும் படகு உரிமையாளரிடமும் ஆவணம் இருக்கும். களை பறிப்பவரிடமும் கருவாடு சுமப்பவரிடமும் கையில் ஒன்றும் இருக்காது.

சட்டம் சொல்வதும் நாம் கேட்பதும்

மின்சாரம் வேண்டாம் என்பது நம் வாதம் அன்று. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அண்ணல் அம்பேத்கர், மலிவான, தாராளமான மின்சாரம் நாட்டின் தொழில்வளர்ச்சிக்கு அடித்தளம் என்று கருதினார். அந்த மின்சாரத்தின் ஆபத்து யார் தலையில் இறங்குகிறது என்பதே நம் கேள்வி.

இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, பால், சமூகம், மரபு, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்துள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்க வழிசெய்கிறது. இவை அணுவிபத்துத் திட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டிய சட்டங்கள் அல்ல.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்:

1. அவசரகால ஒத்திகை தெளிந்த வானத்தின்கீழ் மட்டும் நடத்தப்படக் கூடாது. மின்சாரமும் கைபேசியும் இல்லை, முதன்மைச் சாலை அடைபட்டுள்ளது என்ற நிலையை வைத்தும் நடத்தப்பட வேண்டும். அதன் முடிவுகள் தமிழில் வெளியிடப்பட வேண்டும்.

2. 16 கி.மீ. பகுதிக்குள் உள்ள ஒவ்வொரு சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும், நடந்து செல்லும் தொலைவில் கான்கிரீட் கூரை கொண்ட பாதுகாப்பு மையம் வேண்டும். அதன் சாவி ஊர்ப் பெரியதனக்காரரிடம் மட்டும் இருக்கக் கூடாது.

3. அயோடின் மாத்திரைகள் குடியிருப்பு வாரியாக முன்கூட்டியே வைக்கப்பட வேண்டும். கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அதற்குப் பயிற்சி பெற வேண்டும்.

4. வெளியேற்றப் பேருந்துகள் புறப்படும் இடங்களில் சேரிகளும் இடம்பெற வேண்டும். முதியோர், மாற்றுத் திறனாளிகள், கருவுற்ற பெண்கள் பட்டியல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

5. நிலையத்தில் பணியாற்றும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, புயல்கால அவசரப் பணியிலும் நிரந்தர ஊழியருக்கு இணையான பாதுகாப்புக் கருவி, கதிர்வீச்சு அளவீடு, காப்பீடு வழங்கப்பட வேண்டும்.

6. இழப்பீட்டுக் கணக்கில் நிலமும் படகும் மட்டுமன்றி, இழந்த கூலிநாள்களும் சேர்க்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஓர் உலைக்குள் எத்தனை மாற்றுப் பம்புகள் உள்ளன என்பதைக் கேட்கும் அதே கண்டிப்போடு, ஒரு சேரிக்கு எத்தனை வழிகள், எத்தனை கூரைகள், எத்தனை மாத்திரைகள் உள்ளன என்று கேட்டால் போதும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. கிராமசபைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கேட்கும் உரிமை நம் மக்களுக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவோம்.